அரைக்கடவ வாரம்

உப்பளத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்தீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கூட்டம் வைத்திருக்கிறோம், வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டீர்கள். எனக்கு இரண்டு வார்த்தை வரும். மூன்றாவது வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்றேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் வாசிக்கிறவள் திருத்திக்கொள்ளட்டும்.

உப்பு விளைவதையும் வாருவதையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் நிற்க நிற்க அது தானாக வரும். வந்த இரண்டு பேரில் சின்னவள் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை பாட்டி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். ஆகவே கழுத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திருவிதாங்கூரிலிருந்து நாம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு மூன்று வருஷம் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மணக்குடிப் பக்கத்து அளத்தில் அந்த மாசியில்தான் சுமக்கப் போனேன். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் சிறு சிறு குவியலாக வைப்பார்கள். நாங்கள் பெண்கள் பதினாறு பேர் அதைக் கடவத்தில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து, மேட்டில் அம்பாரமாகத் தட்டவேண்டும். கடவம் என்றால் பனையோலைப் பெட்டி, உங்கள் பிளாஸ்டிக் கூடையைப்போல ஒன்றரைப் பங்கு கொள்ளும். ஈர உப்பு என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஓலை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் நெற்றியில் வடிந்து கண்ணுக்குள் போகும். துடைக்கக் கை இருக்காது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. புகுந்த வீட்டில் வாய் திறக்கத் தயங்கித் தயங்கி மூலையில் நிற்கிறவள் நான். அளத்தில் யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. தலையில் சுமை இருக்கிறவளிடம் யார் பேசப்போகிறார்கள்? நிமிர்ந்து நடந்தால் போதும். நான் நன்றாக நிமிர்ந்து நடப்பேன்.

எங்கள் கூட்டத்துக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். வயது ஐம்பதுக்கு மேல். எல்லாருக்கும் அவள் மயினி, அதாவது அண்ணி. அவளுடைய பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. குட்டையான ஆள், ஆனால் கழுத்து மட்டும் அடிமரம் போல இருக்கும். நாக்கு அதைவிட உறுதி. நான் சேர்ந்த மூன்று வாரம் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வாரம் திங்கட்கிழமை காலையில் நான் கடவத்தில் உப்பு அள்ளும்போது பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வாரம் இவ்வளவுதான் என்றாள்.

நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டேன். கூடச் சுமக்கும் செல்லக்கனிதான் பிறகு எல்லாவற்றையும் விளக்கினாள். பதினாறு பேரையும் மயினி நாலு நாலு பேராகப் பிரித்து வைத்திருக்கிறாள். மூன்று வாரம் முழுக் கடவம், நாலாவது வாரம் அரைக் கடவம். ஒரு நாலு பேர் முடித்தால் அடுத்த நாலு பேர். முந்தின வருஷங்களில் ஆடி பிறப்பதற்குள் கூட்டத்தில் பாதி கழுத்தும் முட்டும் போய்ப் படுத்துவிடுமாம். இந்த முறை வந்தபின் இரண்டு வருஷமாக ஒருத்திகூடப் படுக்கவில்லை. அம்பாரமும் குறையவில்லை.

இந்த யோசனை மயினிக்கு உப்பு வண்டிக்காரர்களைப் பார்த்து வந்தது. நாகர்கோவிலுக்குப் பாரம் ஏற்றிப் போகிற வண்டிக்காரர், மூன்று நடைக்கு ஒரு நடை காளைக்குப் பாதிப் பாரம்தான் வைப்பார். நொண்டின பிறகு வைப்பதில்லை, நன்றாக இழுக்கும்போதே வைப்பார். காளைக்கு உள்ளது நமக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறாள்.

வீட்டில் ஒரு வாரம் சும்மா இருந்தால் என்ன என்று செல்லக்கனியிடம் கேட்டேன். அதையும் ஒருத்தி செய்து பார்த்திருக்கிறாள். எட்டு நாள் பாயில் கிடந்துவிட்டு வந்தவள் முதல் நாள் இருபது நடையில் அழுதுவிட்டாளாம். அதற்கு மயினி சொன்னதைச் செல்லக்கனி அப்படியே நடித்துக் காட்டினாள்: "கழுத்துக்கு ஓய்வு குடுக்கணும், ஆனா மறக்க விட்டிரப்பிடாது, கேட்டியா?"

இதுவரை நல்ல கதைதான். இதில் ஒரு கள்ளத்தனமும் இருந்தது.

அளத்துக் கங்காணி கண்டிப்பானவர். குடையை அக்குளில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக வருவார். நாட்கூலிக்கு வேலை செய்கிறவள் அரைக் கடவத்தோடு போனால் விடுவாரா? விட்டார். ஏனென்றால் மாதத்தில் ஒரு வாரம் அரைக் கடவம் என்பது எங்கள் அளத்தில் பிள்ளையுண்டானவளுடைய பாத்தியதை. ஒரு பெண் அரைக் கடவம் எடுத்தால் ஆண்பிள்ளை காரணம் கேட்கக் கூடாது. கேட்டால் அவருக்குத்தான் வெட்கம். கங்காணி பார்வையைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விடுவார். மயினி அந்த வெட்கத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். வாரம் நாலு பேர், மாற்றி மாற்றி, உப்புப் பருவம் முழுக்க. அந்த மனிதர் ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

மயினி கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. கங்காணியின் மனைவி எங்கள் ஊர்.

எனக்கு அரைக்கடவ வாரம் முடிந்து அடுத்த செவ்வாய்க்கிழமை. முத்தாரம்மன் கோயிலில் கங்காணியின் மனைவி என் மாமியாரைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மருமகள் விசேஷத்தைச் சொல்லவே இல்லையே என்று கேட்டிருக்கிறாள். என்ன விசேஷம் என்று மாமி கேட்க, அரைக் கடவம் எடுக்கிறாளாமே என்று சொல்லியிருக்கிறாள். மாமி கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தாள்.

நான் வேலை விட்டு வந்தபோது கால் கழுவத் தண்ணீர் தயாராக இருந்தது. என்னை மனையில் உட்காரவைத்து, தலையைத் தடவி, கையில் கருப்பட்டியும் தேங்காய்ச் சில்லும் தந்தாள். "ஏட்டி, எங்கிட்ட சொல்லுகதுக்கு என்ன நாணம்?" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், கருப்பட்டியைப் போட்டுக்கொண்டேன். எனக்கு எப்போதும் நாள் முன்பின்னாக வரும். வெயிலில் சுமக்கிற பெண்களுக்கு அது உண்டு, உங்களுக்கே தெரியும். அந்த மாதமும் தள்ளிப் போயிருந்தது. மாமி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பின்னே எதற்கு அரைக் கடவம் எடுத்தாய் என்று கேட்பாள். உள்ளதைச் சொல்ல வேண்டும். அது கங்காணி மனைவி வழியாக மறுநாளே அளத்துக்குப் போய்விடும். பதினாறு பேருடைய கழுத்தும் என் நாக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின.

அந்த நாட்கள், பொய் சொல்லக்கூடாது, ராஜபோகம். உரலில் இடிக்க விடவில்லை. மாமியே மூச்சு வாங்க வாங்க மாவிடித்துக் கொழுக்கட்டை அவித்தாள். கிணற்றில் தண்ணீர் கோர விடவில்லை. புளியமரத்தடியில் போகக் கூடாது என்று சுற்றுவழியில் அனுப்பினாள். வருகிற மாசியில் மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்கு வந்து, மாவில் அவித்த மண்டையப்பம் வைக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் உப்பு வண்டி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவரும் நானும் ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள் என்று மாமி சொல்வாள். அவர் நாகர்கோவிலிலிருந்து வரும்போது துண்டில் மூன்று மாங்காய் முடிந்து கொண்டுவந்தார். அடுத்த நடையில் ஒரு தொட்டில் கம்பு வாங்கி வந்தார். தேக்கு. இரண்டு முனையிலும் கிளிமூக்குச் செதுக்கியிருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பரணில் வைத்தார். அதைப் பார்த்த அன்று எனக்குக் கொழுக்கட்டை இறங்கவில்லை.

அதற்கும் மேலாக ஒன்று வந்தது. சித்திரை முடிந்ததும் வேலையை நிறுத்திவிட வேண்டும், முதல் பிள்ளை, உப்புக் காற்றில் நிற்கக் கூடாது என்று மாமி முடிவு செய்துவிட்டாள். எனக்குப் பாதி உயிர் போயிற்று. நான் நிமிர்ந்து நடக்கிற ஒரே இடம் அது.

செல்லக்கனியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, மயினியிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. வாயால் சொல்ல வெட்கமாயிருந்தால் தலையால் சொல்லலாமே. அடுத்த அரைக்கடவ வாரம் வரும்போது நான் முழுக் கடவம் சுமப்பேன். கங்காணி பார்ப்பார், மனைவியிடம் சொல்வார், அவள் மாமியிடம் சொல்வாள். ஓ, ஒன்றுமில்லைபோலும், நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று மாமி தானாகப் புரிந்துகொள்வாள். யாருடைய ரகசியமும் வெளியே போகாது. நானும் வாய் திறக்க வேண்டாம்.

பிள்ளைகளே, என் வாழ்நாளில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நான் யோசித்ததே இல்லை. அவ்வளவு மடத்தனமாகவும் யோசித்ததில்லை.

சித்திரையில் என் வாரம் வந்தது. திங்கட்கிழமை மயினி அந்தப் பக்கம் திரும்பியபோது கடவத்தை நிறைத்துக்கொண்டேன். கழுத்தில் வலி எதுவும் இல்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி இல்லாததால்தான் துணிந்தேன். எனக்கென்ன, இரும்பு மாதிரி இருக்கிறேன், இந்த ஓய்வு வயதானவர்களுக்கு என்று ஒரு நினைப்பும் உள்ளே இருந்தது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மயினி பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்டாள். வலிக்கவில்லை மயினி என்றேன். அவள் என் பின்கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "வலி வந்த பொறவு எடுத்தா அது வைத்தியமாக்கும். நான் சொல்லுகது வேலை," என்றாள். அதோடு விடாமல் என் கடவத்திலிருந்து பாதியைத் தட்டிவிட்டாள். அவள் போன பிறகு நான் மறுபடி நிறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை உச்சிக்கு மருத்துவாமலைப் பக்கம் கறுத்தது. கோடை மழை அங்கே கறுத்தால் ஒரு நாழிகைக்குள் இங்கே விழும். பத்துப் பதினைந்து நாள் விளைந்த உப்பு முழுவதும் வரப்பில் குவியல் குவியலாகக் கிடந்தது. மழை பிடித்தால் அத்தனையும் தண்ணீர். கங்காணி குடையை எறிந்துவிட்டுக் கத்தினார். ஆண்களும் கடவம் எடுத்தார்கள். நாங்கள் ஓடினோம். வரப்பில் ஓடக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்று ஓடினோம்.

மூன்றாவது நடையில் என் கழுத்துக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வலி என்று சொல்ல முடியாது. தலை இடது பக்கம் சாய்ந்தது, நிமிர்த்தினால் நிமிரவில்லை. கடவம் சரிந்து பாத்தித் தண்ணீரில் விழுந்து கரைந்தது. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தோளோடு காது ஒட்டிப்போய், கோழி பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மாமி வந்தாள்.

நான் நினைத்தபடியே செய்தி போயிருந்தது. கங்காணி பார்த்தார், மனைவியிடம் சொன்னார், மனைவி மாமியிடம் சொன்னாள். மாமி புரிந்துகொண்டது மட்டும் வேறு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை அவளுக்குரிய வாரத்தில்கூட முழுக் கடவம் சுமக்கவைக்கிறார்கள் என்று புரிந்துகொண்டாள். ஒரு கையில் கஞ்சிப் போணியும் மறு கையில் ஊறுகாய்ச் சிரட்டையுமாக வரப்பில் வந்துகொண்டிருந்தவள், நான் விழுந்து கிடப்பதைப் பார்த்துவிட்டாள். பிறகு கேட்க வேண்டுமா? நேரே மயினியிடம் போனாள். அத்தனை பேர் முன்னால், கங்காணியும் நிற்கிறார்.

"நீயும் நாலு பெத்தவதானா? முழுகாம இருக்க பிள்ளை தலையில முழுக் கடவத்த ஏத்தி விட்டிருக்கியே."

மயினி என்னைப் பார்த்தாள். செல்லக்கனியைப் பார்த்தாள். செல்லக்கனி தரையைப் பார்த்தாள். மயினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இவள் பிள்ளையுண்டாகவே இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், பழி அவளை விட்டுப் போய்விடும். அரைக் கடவமும் போய்விடும். புருஷன் வீட்டில் என் முகமும் போய்விடும். அவள் தலையிலிருந்த கடவத்தை இறக்கவுமில்லை.

"என் தப்புதான் மயினி," என்றாள் என் மாமியிடம். "நான் பாத்திருக்கணும்."

அந்த நாக்குக்காரி யாரிடமும் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மாமி இன்னும் ஏசினாள். மயினி நின்று வாங்கிக்கொண்டாள். மழைக் காற்று வந்துவிட்டது. எனக்கு எதிலிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கழுத்துக் கோணலில் யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடியாமல் இருந்ததுதான் துணிச்சலோ என்னவோ. எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தார்கள்.

"மயினிமேல தப்பில்ல, மாமி," என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா?"

"வயித்துல ஒண்ணும் இல்ல. ஓய்வுக்காக்கும் அரைக் கடவம் எடுத்தேன்."

இத்தனை பெரிய வாக்கியம் அந்த அளத்தில் நான் அதுவரை பேசியதில்லை. எல்லாரும் நின்றுவிட்டார்கள். மாமி கையிலிருந்த ஊறுகாயைப் பார்த்தாள். கங்காணி மெதுவாக எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. அப்படியானால் மற்றவர்கள் என்று இழுத்தார்.

மயினி இப்போது கடவத்தை இறக்கினாள். இனி மறைத்து ஆவதற்கில்லை என்று தெரிந்துவிட்டது.

"எனக்கு வயசு அம்பத்திரெண்டு," என்றாள். "எங் கெட்டினவரு செத்து ஒம்பது வருசமாச்சு. ரெண்டு வருசமா மாசத்துக்கு ஒருக்க நானும் அரைக் கடவம் எடுக்கேன். எனக்கு எத்தனாம் மாசம்னு நீரு நெனச்சீரு?"

முதலில் சிரித்தது யார் தெரியுமா? என் மாமி. போணியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். மூன்று வாரமாகத் தான் இடித்த மாவெல்லாம் யாருக்கு என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தாள். பிறகு ஆண்கள், பிறகு நாங்கள். கங்காணி முகம் செம்பருத்தியாகிவிட்டது. திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அப்போது இடி இடித்தது. சிரிப்பெல்லாம் பிறகு, உப்பை எடுங்கள் என்று கடல் பக்கம் பார்த்தபடியே கத்தினார்.

மாமி சேலையை வரிந்து கட்டினாள். தண்ணீரில் கிடந்த என் கடவத்தை எடுத்தாள், என் தலைச் சும்மாட்டை உருவி வைத்துக்கொண்டாள். அவள் வயல்காட்டு ஊரில் பிறந்தவள். கதிர்க்கட்டு சுமந்த தலை. முழுக் கடவம் வை என்றாள் செல்லக்கனியிடம். நான் தலை சாய்ந்து உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைக்கடவ வாரத்தில் இருந்த செல்லக்கனியும் மற்ற இரண்டு பேரும் அன்று ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். மூன்று நாள் பாதிச் சுமையில் இருந்த கழுத்து. அள்ளு, எடு, நட, தட்டு என்று பறந்தார்கள். மற்றவர்கள் இரண்டு நடை போனால் அவர்கள் மூன்று நடை. நாலாவதாக நான் ஓடியிருக்க வேண்டும். எனக்குப் பதில் என் மாமி ஓடிக்கொண்டிருந்தாள்.

கடைசிக் குவியலில் கொஞ்சம் மழைக்குப் போயிற்று. மற்றது எல்லாம் மேடேறிவிட்டது. அம்பாரத்தின் மேல் தென்னோலைக் கிடுகு போட்டுக் கயிறு இழுத்துக் கட்டும்போது எல்லாரும் நனைந்துவிட்டார்கள். கஞ்சிப் போணியிலும் மழைத் தண்ணீர். அதை அப்படியே ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். மாங்காய் ஊறுகாய் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் யார் சொல்வது என்று இருந்தது. மாமியே சொன்னாள். அவர் காளைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் கோணல் கழுத்தோடு நின்றேன். தொட்டில் கம்பு நினைவுதான் எனக்கு. கடைசியில் அவர் என் பக்கம் திரும்பாமல், "காளைக்கு நான் செய்யதுதானே. இதுல நாணப்பட என்ன இருக்கு?" என்றார். கம்பை என்ன செய்யட்டும் என்று மாமி கேட்டாள். இருக்கட்டும், அது என்ன கெட்டுப்போகிற சாமானா என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் கழுத்து வலிகூட ஒரு நாழிகை தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாமிக்கும் கழுத்து திரும்பவில்லை. அவளுக்கு வலது பக்கம், எனக்கு இடது பக்கம். ஒருத்திக்கொருத்தி எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டு சிரித்தோம். நேர்ந்த மண்டையப்பத்தை அம்மன் கழுத்துவலிக்கு என்று வரவு வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

என்னால் எட்டு நாள் சுமக்க முடியவில்லை. அதன்பின் பத்து நாள் அரைக் கடவம். நான்கு நாள் ஓய்வைத் தவிர்க்கப் போய்ப் பதினெட்டு நாள் கொடுத்தேன். அதைத்தான் சின்னவளே, உன் பிளாஸ்திரியைப் பார்த்தபோது சொல்ல வந்தேன். உன்னை வந்து நிறுத்துவதற்கு இப்போது மயினி இல்லை. நீயே உன் வாரத்தை எண்ணி வைத்துக்கொள். நன்றாக இருக்கும்போதே எடு. அன்று ஓடின மூன்று பேரும் சோம்பேறிகள் இல்லை.

கங்காணி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை காலையில் ஒரு பழைய சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து மயினி முன்னால் போட்டார். அதை நாலாகக் கிழித்துக்கொள்ளச் சொன்னார். ஓய்வுக்கு அரைக் கடவம் எடுக்கிறவள் கடவத்தில் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். துணி இல்லாமல் அரைக் கடவம் எடுக்கிறவள் வேறு காரணத்துக்கு எடுக்கிறாள். யார் எதற்கு எடுக்கிறாள் என்று இனி என்னால் நினைத்துக் குழம்ப முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மயினி உடனே கிழித்தாள். முதல் துண்டைத் தன் கடவத்தில் கட்டிக்கொண்டாள், அது அவள் வாரமே இல்லை.

அதற்குப் பிறகு ஒளிவு மறைவு கிடையாது. அரைக்கடவ வாரம் அந்த அளத்தில் சட்டமாகிவிட்டது. பக்கத்து அளத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், அவர்கள் பச்சைத் துணி கட்டினார்கள்.

அடுத்த மாசியில் மண்டைக்காட்டுக் கொடைக்குப் போய் மண்டையப்பம் வைத்துவிட்டு வந்தோம். பங்குனியில் மறுபடி அளம் தொடங்கியது. இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை. என் முறை வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் கடவத்தில் பாதி அள்ளி, கையைத் தட்டிவிட்டு, தலைக்கு ஏற்றச் சொல்லி மயினி முன்னால் போய் நின்றேன். அவள் கடவத்தைத் தூக்கியவள் அப்படியே நிறுத்தினாள். சுற்றிப் பார்த்தாள்.

"ஏட்டி, துணி கெட்ட மறந்திட்டியா?"

"மறக்கல, மயினி."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் அன்றைக்கு நான் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் நான் வீடு போய்ச் சேருவதற்குள் தொட்டில் கம்பு பரணிலிருந்து இறங்கி, எண்ணெய் பூசி, சுவரில் சாத்தியிருந்தது. கங்காணியின் மனைவி எங்கள் ஊர் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.